ஆக்சிமீட்டர் காட்டிய 94

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் நம் தெருக்களில் வீடு வீடாகக் கைமாறிய பொருள் பல்ஸ் ஆக்சிமீட்டர். துணி கிளிப் மாதிரி விரலைக் கவ்வும். சில நொடிகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று ஓர் எண் வரும். 94க்குக் கீழே இறங்கினால் பெட் தேடி ஓட வேண்டும், 96 என்றால் வீட்டிலேயே இருக்கலாம். அந்த எண்ணை யாரும் சந்தேகப்படவில்லை.

கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்இடி விளக்குகள். ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் போகவிடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியில் ரத்தம் பெருகும்போது மறுபக்கம் வந்து சேரும் வெளிச்சம் துளி மங்கும். கருவி அந்த மங்கலை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. எலும்பும் சதையும் தோலும் துடிப்பதில்லை, ஆகவே கணக்கில் கழிந்துவிடும். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அயோயாகிக்குத் தோன்றிய யோசனை இது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

தோல் மட்டும் முழுசாகக் கழிவதில்லை. எல்இடியின் ஒளி ஒரே அலைநீளத்தில் நிற்காமல் கொஞ்சம் பரவியிருக்கும். கருத்த தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதில் ஒரு பகுதியைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். அதோடு, சிவப்பு, அகச்சிவப்பு இரண்டிலும் கிடைத்த மங்கலின் விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டு அதைத் தயாரிக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் கருத்த தோல்காரர்கள் எத்தனை பேர்? மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது இரண்டு பேர், அல்லது 15 சதவீதம்.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7. இதே கோளாறை 1990லேயே ஓர் ஆய்வு சுட்டியிருந்தது. முப்பது வருடம் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் இந்தப் பிழை உறைக்கக் காரணம், அப்போது எண்தான் வாயிற்காப்பாளன். யாருக்குப் பெட், யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு ஸ்டீராய்டு எல்லாம் அதை வைத்தே முடிவானது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பலர் பஸ் ஓட்டுவது, கடையில் நிற்பது போன்ற, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளில் இருந்ததால் ஏற்கெனவே அதிகம் தொற்றுக்கு ஆளானவர்கள். அவர்களைத்தான் "இன்னும் ஆக்சிஜன் தேவையில்லை" என்று ஒரு கிளிப்பும் காக்க வைத்தது.

அதனால் வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள், நலமாக இருக்கும்போதே தங்கள் எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. அதிலிருந்து எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். மூச்சு வாங்கினால், கருவி என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.