மறதிக்காரப் பிரிண்டரும் ஓர் எலுமிச்சம்பழமும்

மன்னார்குடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பழைய லேசர் பிரிண்டர், புதுக் கம்ப்யூட்டரின் விண்டோஸுக்கு டிரைவர் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள், லினக்ஸ் போட்டதும் ஓடியது, ஆனால் கரண்ட் போய் வந்தால் ஊமையாகிவிடுகிறது, பயிர் இன்சூரன்ஸுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு) எடுக்க வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், என்ன செய்வது? திருஷ்டிக்காகப் பிரிண்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்த படமும் கூடவே வந்தது.

டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவிலுள்ள மொழிபெயர்ப்பாளர், அது தெரிந்ததுதான். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் மாதிரி பொதுமொழி தெரிந்த பிரிண்டர் என்றால், கம்பெனி கைவிட்டாலும் பொதுவான டிரைவர் ஒன்றை வைத்து ஓட்டிவிடலாம். மலிவான பல லேசர்களுக்கு அதெல்லாம் தெரியாது. பக்கத்தை வரைவது முழுக்கக் கம்ப்யூட்டரின் வேலை, பிரிண்டர் சொன்ன இடத்தில் புள்ளி வைக்கும், அவ்வளவுதான். அதிலும் சில, தாம் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருளைக்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் யுஎஸ்பி வழியாக ஊட்டிவிட வேண்டும். விண்டோஸில் இதை டிரைவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. உங்கள் லினக்ஸில் யாரோ ஒருமுறை கையால் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள், கரண்ட் போனதும் அழிந்துவிட்டது. கண்ணேறு கழிக்க இதில் ஒன்றுமில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயமே வேறு. ஏ4 தாளை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், அடிக்கச் சுமார் 3.5 கோடி புள்ளிகள், ஒன்றுக்கு ஒரு பிட் என்றாலும் 4 எம்பிக்கு மேல். இந்த வகையைச் சேர்ந்த எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரின் நினைவகமோ வெறும் 2 எம்பி. தாள் ஓட ஆரம்பித்தால் நடுவில் நிற்காது, உள்ளே படத்தை ஏந்தும் டிரம் என்ற உருளை சுற்றுகிற வேகத்துக்குப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். கைகொடுப்பது ஜேபிக் (JBIG) என்கிற, 1993-இல் தரமாக்கப்பட்ட சுருக்க முறை. நடவு ஆட்கள் பின்னால் நகர்ந்தபடி நடுவதைப் பார்த்திருப்பீர்கள். நட்டு முடித்த வரிசைகள் கண்ணெதிரே இருக்கும், அதை வைத்தே அடுத்த நாற்றை எங்கே ஊன்றுவது என்று கைக்குத் தெரியும். ஜேபிக்கும் மேல் வரிசைகளிலும் இடப்பக்கத்திலும் ஏற்கெனவே கடந்துவந்த 10 புள்ளிகளைப் பார்க்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக அந்தப் பத்தும் 1024 விதமாக அமையலாம். ஒவ்வோர் அமைப்புக்கும் அடுத்தது என்ன வரும் என்று ஓர் ஊகக் கணக்கு, அதையும் போகப்போகத் திருத்திக்கொள்ளும். மறுமுனையில் பிரிண்டரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதால், எதிர்பார்த்த புள்ளி வந்தால் அனுப்புகிற செலவு ஏறக்குறைய இல்லை, ஊகம் தப்பினால்தான் செலவு! அடங்கலில் பெரும்பகுதி வெள்ளை, மீதி கோடும் எழுத்தும், அது நன்றாக மெலிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைக்குச் சாமி படம் அடித்துப் பாருங்கள், சாம்பல் நிறம் காட்டத் தூவிய புள்ளிகளை அவ்வளவு எளிதில் ஊகிக்க முடியாமல் திணறும்.

இந்த வகைக்கு லினக்ஸில் ரிக் ரிச்சர்ட்சன் என்பவர் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் (foo2zjs) என்ற திறமூல டிரைவர் இருக்கிறது. வேலை செய்கிற பிரிண்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கும் ஆபீஸ்கள், அந்தப் பணத்தில் கொஞ்சத்தை இப்படி டிரைவர் எழுதும் மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். டிரைவரோடு உங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேர் கோப்பையும் இறக்கி, பிரிண்டர் யுஎஸ்பி-யில் தலைகாட்டியதும் தானாக ஏற்றும் விதியையும் போட்டுவிடுங்கள். விண்டோஸிலிருந்தும் அடிக்க வேண்டுமென்றால் இதே லினக்ஸ் கம்ப்யூட்டரில் கப்ஸ் (CUPS) என்ற அச்சு மென்பொருள் வழியாகப் பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிரலாம். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி, கூட்டம் வருவதற்கு முன்னால் ஓர் அடங்கல் அடித்துப் பாருங்கள்.