காடைக் குஞ்சுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு

போன மார்கழியில் ஒரு நாள், நான் கதவைத் திறப்பதற்குள்ளேயே ஓர் அக்கா வாசலில் நின்றிருந்தார். பர்மாவில் பெகு நகருக்கு வெளியே ஒரு கிராமம். கையில் செருப்புக் கடை அட்டைப் பெட்டி. உள்ளே நாற்பத்திரண்டு காடைக் குஞ்சுகள், அத்தனையும் செத்தவை.

"சயா, ராத்திரி வரைக்கும் துறுதுறுன்னு ஓடிட்டிருந்துச்சுங்க. காலையில பாத்தா ஒரே மூலையில குவிஞ்சு கெடக்கு. ஏதாவது நல்ல மருந்தாக் குடுங்க, மிச்சத்தையாவது காப்பாத்திக்கறேன்."

கால்நடை டாக்டரான என்னை இங்கே 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலைந்தை அறுத்துப் பார்த்தேன். மூன்று நாள் குஞ்சுகள். இரைப்பை வெறுமையாக இருந்தது. அந்த வயதில் பெரும்பாலும் வற்றியிருக்க வேண்டிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் அப்படியே தேங்கிக் கிடந்தது. குவியலின் அடியில் கிடந்தவை நசுங்கி, நனைந்திருந்தன. நோய்க்கான அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. அக்காவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"நேத்து கரண்டு எப்போ போச்சுக்கா?"

"ஒரு மணி இருக்கும். அஞ்சு மணிக்குத்தான் வந்துச்சு."

நாற்பத்திரண்டும் செத்தது அந்த நாலு மணி நேரத்தில்தான். பனிக்காலம் தொடங்கினால் இப்படி வாரத்துக்கு ஒரு பெட்டியாவது என் மேசைக்கு வருகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கடையில் ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். குளிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காசும் போச்சு, குஞ்சும் போச்சு.

கோழிக் குஞ்சு வளர்த்துப் பழகியவர்கள்தான் காடையில் அதிகம் ஏமாறுகிறார்கள். கோழிக் குஞ்சு பிறக்கும்போதே நாற்பது கிராம் இருக்கும். காடை முட்டையே பத்துப் பன்னிரண்டு கிராம்தான், குஞ்சு ஏழெட்டு கிராம். ஒரு குடம் வெந்நீரையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது முதலில் ஆறும்? காடைக் குஞ்சு அந்த டம்ளர். முதல் வாரத்தில் உடம்புச் சூட்டைத் தானாகத் தக்கவைத்துக்கொள்ளும் சக்தியும் அதற்குக் கிடையாது. பெகுவில் தை மாத இரவுகள் 17, 18 டிகிரிக்கு இறங்குகின்றன. மேமியோ, தவுஞ்சி மாதிரி மலை ஊர்களில் அதைவிடக் கீழே போகும். குஞ்சுக்கு வேண்டியதோ முதல் மூன்று நாளும் 37 டிகிரி.

அந்த 37ஐ எங்கே அளக்கிறோம் என்பதில்தான் நானே ஒருமுறை ஏமாந்தேன். ஏசினில் கால்நடை மருத்துவப் படிப்பு முடித்து வந்த புதிது, வீட்டுக்குப் பின்னால் நூறு குஞ்சு விட்டேன். தெர்மாமீட்டரை என் கண் உயரத்துக்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அது 37 காட்டியது, எனக்கும் திருப்தி. மூன்றாம் நாள் காலையில் முப்பத்தொரு குஞ்சு போய்விட்டது. தெர்மாமீட்டரைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தால் 27! சூடான காற்று மேலே போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பட்டம் வாங்கிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது. தெர்மாமீட்டர் குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே இருக்க வேண்டும். முதல் வாரக் கடைசியில் 34, இரண்டாம் வாரக் கடைசியில் 31, மூன்றாம் வாரக் கடைசியில் 28 என்று மெதுவாக இறக்கிக்கொண்டு வாருங்கள். நாலாவது வாரம் இறகு மூடிவிடும். அப்போது பகலில் சூடு தேவைப்படாது, பனிக்காலமென்றால் இரவில் மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் பொய் சொன்னாலும் குஞ்சுகள் பொய் சொல்லாது. விளக்குக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கீச்சுக்கீச்சென்று கத்தினால் குளிர். ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று அடிக்கிறது, ஓட்டையைத் தேடுங்கள். அங்கங்கே பரவிக் கிடந்து தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு குஞ்சைப் பிடித்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கால் சில்லென்றிருந்தால் குஞ்சுக்குக் குளிர்கிறது.

சூட்டுக்கு எதைத் தொங்கவிடுகிறோம் என்பதும் முக்கியம். பழைய குண்டு பல்பு கடைகளில் குறைந்துபோய் எங்கும் எல்இடி ஆகிவிட்டது. ஒருவர் மூன்று எல்இடி பல்பு மாட்டிவிட்டு, "வெளிச்சம் பகல் மாதிரி இருக்கு சயா, அப்பவும் சாகுது" என்றார். எல்இடியில் வெளிச்சம் வரும், குஞ்சு காய்கிற அளவுக்குச் சூடு வராது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு தேடி வாங்குங்கள், இல்லையென்றால் செராமிக் ஹீட்டர். ஹீட்டர் வைப்பவர்கள் மங்கலான விளக்கு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். இருட்டில் குஞ்சு தீனி எடுக்காது, விடியற்காலை வெறும் வயிறாக இருக்கும். குளிர் உச்சத்துக்குப் போகிற நேரமும் அதுதான்.

கரண்டு போனால்? நான் சொல்வது தண்ணீர் பாட்டில் வைத்தியம். வெறுந்தேநீருக்கு ஃபிளாஸ்க் வைத்திருக்காத வீடு இந்த ஊரில் ஏது? சாயங்காலமே இரண்டு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் பிடித்து வையுங்கள். கரண்டு போனதும் ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றி, பழைய கைலித் துணியைச் சுற்றி, உருளாதபடி முட்டுக் கொடுத்துக் குஞ்சுகளுக்கு நடுவில் படுக்கப் போடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிக் கசியும். நனைந்த குஞ்சு பிழைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், தூக்கம் கெடும்தான். அப்புறம், குஞ்சு விடுகிற இடம் வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் குளிரில் அங்கேதான் போய்க் குவியும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும்.

இதற்கெல்லாம் சோம்பல்பட்டுக் கரி அடுப்பு வைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு அண்ணன் கொட்டகையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, நடுவில் மண் அடுப்பில் கரி போட்டு மூட்டிவிட்டார். பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தும்விட்டார். நடுச்சாமத்தில் தலை பிளந்து, வாந்தி எடுத்துக்கொண்டு வெளியே தவழ்ந்து வந்திருக்கிறார். குஞ்சுகள் எல்லாம் போய்விட்டன. அறுத்துப் பார்த்தபோது ரத்தம் வழக்கத்துக்கு மாறாகச் செக்கச்செவேலென்று இருந்தது. கார்பன் மோனாக்சைடு. புகை அடங்கிய கரியிலிருந்தும் அது வரும், மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அண்ணனுக்கு முழிப்பு வந்தது அதிர்ஷ்டம். மூடிய இடத்தில் கரி வேண்டாம், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரி இல்லாவிட்டாலும் கொட்டகையை முழுக்க மூடக் கூடாது. மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். குந்தி உட்கார்ந்து முகத்தைக் குஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உமியை மாற்றுங்கள். நம் பக்கம் அரிசி ஆலைக்குக் குறைவில்லை, உமி மலிவு. ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த உமியைக் காய வைத்துப் போட்டால் அந்தப் பூசணம் நுரையீரலில் போய் உட்காரும். முதல் வாரம் உமியின்மேல் சாக்குத் துணி விரித்துவிடுங்கள், இல்லையென்றால் தீனி என்று நினைத்து உமியைத் தின்னும். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுபோகும்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், காடைக் குஞ்சு ஒரு விரல் ஆழத்தில் மூழ்கிச் சாகும். தீனியில் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கறிக்கோழி ஸ்டார்ட்டர் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, மணியும் பெரிது. இடித்துச் சலித்துக் கொடுங்கள். கூடக் கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் உப்புப் போடாத மீனாகப் பாருங்கள். உப்புக் கருவாடு குஞ்சுக்கு விஷம். ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) தீனிக்கு ஒரு கைப்பிடி என்று கண்ணளவில் போட்டு இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொரிக்க வைப்பவர்களுக்கும் கொஞ்சம். சந்தையில் வாங்கிய முட்டை அநேகமாகப் பொரிக்காது, முட்டைப் பண்ணைகளில் பெரும்பாலும் சேவல் விடுவதில்லை. இரண்டு மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் விட்ட இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். குளிர்ந்து கிடந்த முட்டையை நேராகப் பொரிப்பானில் வைத்தால் வியர்க்கும், நாலைந்து மணி நேரம் அறையில் வைத்துவிட்டு வையுங்கள். விசிறி உள்ள பொரிப்பானில் 37.5 டிகிரி, பதினான்கு நாள் திருப்புதல், பதினைந்தாம் நாள் நிறுத்தம், பதினேழு பதினெட்டில் பொரிப்பு. பனிக்காலக் காற்று வறண்டது, அதைச் சூடாக்கினால் இன்னும் வறளும். அதனால் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் பாருங்கள். ஈரப்பதம் முதலில் 55 முதல் 60 வரை, கடைசி மூன்று நாள் 70 பக்கம். தெர்மாகோல் பொரிப்பான் பெட்டியை வாசல் திண்ணையில் வைக்காமல் உள்ளறையில் வையுங்கள். கரண்டு போனால் திறந்து திறந்து பார்க்காதீர்கள். காற்றுத் துளையை விட்டுவிட்டுப் போர்வையால் மூடுங்கள். ஓரிரு மணி நேரக் குளிரை முட்டை தாங்கும், ஒரு நாள் தள்ளிப் பொரிக்கும், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நாள் ஓட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் குஞ்சைப் பிரித்து எடுக்காதீர்கள். உள்ளே ரத்தக் குழாய் இன்னும் வற்றியிருக்காது.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. குஞ்சு, பெரியது என்று பார்க்காமல் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் அதைக் குளிர் என்று நினைத்துவிடாதீர்கள். பனிக்காலத்தில் பெகு பக்கத்து மோயிங்ஜி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. 2006இல் மண்டலே, சகாயிங் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி நடந்தால் சமைக்கவும் விற்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். வாத்தையும் காடையையும் ஒரே இடத்தில் விடாதீர்கள்.

அந்த அக்கா பொங்கல் முடிந்து மறுபடி அறுபது குஞ்சு விட்டார். இரண்டு ஃபிளாஸ்க், ஆறு பாட்டில், வட்டமாக வளைத்த மூங்கில் தட்டி. ஐந்து போனது, ஐம்பத்தைந்து நின்றது. எட்டு வாரம் கழித்துப் போன் செய்தார். "சயா, எல்லாம் தளதளன்னு இருக்கு, முட்டை மட்டும் வைக்க மாட்டேங்குது. அதுக்கு மருந்து இருக்கா?"

கூண்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள் என்று கேட்டேன். குஞ்சுப் பருவம் முடிந்ததும் விளக்கையே கழற்றிவிட்டாராம். முட்டை வைக்கக் காடைக்குப் பகலும் விளக்கும் சேர்ந்து பதினான்கு மணி நேர வெளிச்சமாவது வேண்டும், அந்தச் சமயத்தில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். இதற்கு எல்இடி போதும்.