சிபியு சும்மா இருக்கிறது, தளம் திறக்கவில்லை

"சர்வர் நல்லாத்தான் இருக்கு, சிபியு 20 சதவீதம்கூடத் தாண்டலையே." தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கல்லூரித் தளம் திணறும்போதும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. சொல்பவர் சிபியு வரைபடத்தைப் பார்க்கிறார். மாணவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், வேறொரு சர்வரில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்ற வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். எஃப்பிஎம் ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ்களை (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிப்பவை) ஓட்டலாம் என்பதற்கு ‘மேக்ஸ் சில்ட்ரன்’ என்றொரு வரம்பு உண்டு. அது 20 என்றால், அந்த 20-ம் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும்போது 21-வது ஆள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். காத்திருக்கச் சிபியு தேவையில்லை. அதனால் வரைபடம் அமைதியாக இருக்கும், சர்வரின் பதிவேடான லாகில் 504 பிழைகள், அதாவது ‘நேரத்துக்குள் பதில் வரவில்லை’ என்பவை, குவியும்.

உடனே வரம்பை 200 ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பிராசஸும் ரேமைத் தின்னும். ரேம் தீர்ந்தால் மெதுவான டிஸ்க்கையே ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப், அப்புறம் லினக்ஸ் கெர்னலே ஏதாவதொரு பிராசஸைக் கொல்லும் நிலை. டேட்டாபேஸ் மேல் சுமையும் கூடும். முதலில் மைஎஸ்கியூஎல்லின் ஸ்லோ கொரி லாகை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளில் (கொரிகளில்) மெதுவானவற்றின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அது இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் ஓடும் கொரிகளை மட்டுமே பதியும். அதை 1 விநாடியாகக் குறைத்தால்தான் பயன்.

சரி, அன்றாடம் எதைப் பார்ப்பது? பதில் வர ஆகும் நேரத்தை. அதிலும் சராசரியை நம்பவே கூடாது. 100 கோரிக்கைகளில் 95 பேருக்கு 0.1 விநாடியில் பதில், 5 பேருக்கு 8 விநாடி என்றால் சராசரி அரை விநாடிகூட வராது. அந்த 5 பேர் கணக்கிலேயே தெரியமாட்டார்கள். 99-வது பெர்சென்டைலை, அதாவது 99 சதவீதக் கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதைப் பார்த்தால் 8 விநாடி பளிச்சென்று தெரியும்.

என்ஜின்எக்ஸின் இயல்பான லாக் வடிவத்தில் இந்த நேரம் பதிவாவதில்லை. ‘ரிக்வெஸ்ட் டைம்’ (கோரிக்கை வந்ததிலிருந்து பதிலை அனுப்பி முடிக்கும்வரை ஆகும் மொத்த நேரம்), ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்’ (எஃப்பிஎம் பதில் தர எடுக்கும் நேரம்) இரண்டையும் நாமே சேர்க்க வேண்டும். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் பெரும்பாலும் பயனரின் மொபைல் இணைப்புதான் மெதுவாக இருக்கிறது. இரண்டுமே பெரிதென்றால் தாமதம் நம் பக்கம். லாகில் 499 என்ற குறியீட்டு எண் அதிகமானால், பதில் வருவதற்குள் ஆட்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். என் பார்வையில் எந்தச் சிபியு வரைபடத்தையும்விட இந்த எண் முக்கியம்.

கண்காணிக்கும் கருவியை அதே சர்வரில் வைக்காதீர்கள். சர்வர் விழுந்தால் அலர்ட்டும் வராது. வெளியிலிருந்து சோதியுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்தால், டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் முன்பே சேமித்த நகலான கேஷிலிருந்து 200 (‘எல்லாம் சரி’) என்ற பதில் வரலாம். டேட்டாபேஸைத் தொட்டுத் திரும்பும் ஒரு பக்கத்தைச் சோதனைக்கென்றே எழுதி வையுங்கள்.