சோதனை அட்டையில் கூர்மை, ஆல்பத்தில் உறுத்தல்

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் திருமணப் படம் எடுக்கும் இளைஞர்கள், புதிய லென்ஸுக்காக மாதத் தவணையில் கையெழுத்திடும் முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எது அதிகக் கூர்மை? சோதனை அட்டையைப் படம்பிடித்து ஒப்பிட்டால் அதற்கு விடை கிடைத்துவிடும். அந்தக் கூர்மைக்காக வடிவமைப்பாளர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை மட்டும் அட்டை காட்டாது.

கோள வடிவில் தேய்த்த கண்ணாடி, ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. இதனால் எழும் ஐந்து அடிப்படைக் குறைகளை லுட்விக் ஃபான் சைடல் 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டு வகுத்துவிட்டார்; நிறங்கள் பிரிந்து குவியும் நிறப்பிறழ்ச்சி இவற்றுக்கு வெளியே தனிக் குறை. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று தலைதூக்கும். அதை அடக்க மேலும் கண்ணாடி சேர்க்க வேண்டும். கேனான் 50 மிமீ 1.8 எஸ்டிஎம் லென்ஸில் (1.8 என்பது துளை எண்; எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) 6 கண்ணாடிகள், எடை ஏறத்தாழ 160 கிராம்; சிக்மா ஆர்ட் 50 மிமீ 1.4 லென்ஸில் 13 கண்ணாடிகள், எடை 815 கிராம். முகூர்த்தம் முதல் பந்தி வரை தோளில் சுமப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் தொழிலில் மிகுதியாக உறுத்துவது கோளப் பிறழ்ச்சியை, அதாவது லென்ஸின் நடுவில் நுழையும் ஒளியும் ஓரத்தில் நுழையும் ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவியும் குறையை, திருத்தும் முறைதான். அளவுக்கு மேல் திருத்தினால், மணமகளுக்குப் பின்னால் தொங்கும் சீரியல் லைட்டுகள் ஒவ்வொன்றும் விளிம்பு பளிச்சிடும் வட்டமாகி, முகத்தைவிட அவையே கண்ணை இழுக்கும். சற்றுக் குறைவாகத் திருத்தினால் பின்னணி மென்மையாகக் கரையும். ஆனால் அதே லென்ஸில், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் மலர்த் தோரணம் கரடுமுரடாகத் தெரியும். இரு பக்கமும் மென்மை கேட்டால் ஒளியை இழக்க வேண்டும்: விளிம்பு நோக்கிப் போகப் போகக் கருமையாகும் வடிகட்டியை உள்ளே வைத்த மினோல்டா 135 மிமீ எஸ்டிஎஃப், துளை அளவில் 2.8 என்றாலும், உள்ளே விடும் ஒளி 4.5 அளவுக்கே. முன்னா பின்னா என்ற தேர்வைப் படம் எடுப்பவரிடமே விட்டு, அதற்கென ஒரு வளையத்தை நிக்கான் தன் 135 மிமீ டிசி லென்ஸில் வைத்தது. என் கணிப்பில் அதுவே நேர்மையான வடிவமைப்பு.

கோளமல்லாத வளைவுடைய கண்ணாடி ஒன்றே பல கண்ணாடிகளின் வேலையைச் செய்துவிடும். ஆனால் அச்சில் வார்க்கும்போது அச்சின் நுண்கீறல்கள் அதில் பதிந்தால், குறுக்கே வெட்டிய வெங்காயம்போல அந்த விளக்கு வட்டங்களுக்குள் வளையங்கள் தோன்றும்.

அகலக் கோண லென்ஸில் சிக்கல் வேறு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் தூண்களைப் போன்ற நேர்கோடுகளை நேராகவே காட்டும் லென்ஸ், குழுப் படத்தின் ஓரத்தில் நிற்கும் மாமாவின் முகத்தை அகலமாக்கியே தீரும். இது வடிவியல், எந்த விலை கொடுத்தாலும் மாறாது. கண்ணாடிகளையே விட்டு ஆடிக்குப் போனாலும் தப்பிக்க முடியாது: பழைய வடஆர்க்காட்டு எல்லைக்குள் இருந்த காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் போல ஆடியால் ஒளியைக் குவிப்பவற்றில், அந்த ஆடியால் நிறப்பிறழ்ச்சி வருவதில்லை. ஆனால் தனிப் பரவளைய ஆடி என்றால் ஓரத்து விண்மீன்கள் வால் முளைத்ததுபோல் இழுபடும்.

ஆகவே கடைக்குச் செல்லும்போது ஒரு மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில், துளையை முழுதாகத் திறந்து, ஆளுக்கு முன்னும் பின்னும் சிறு விளக்குகள் இருக்கும்படி எடுத்து, ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் துளையைச் சுருக்கி எஃப்/8-இல் குழுப் படமே எடுப்பவர் என்றால் இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்துவிடும். அவருக்கு 160 கிராம் லென்ஸே போதும்.