விக்டோரியா கால வீட்டு மரச்சட்டங்களில் சாண்டரை வைக்காதீர்கள்

மறுபடியும் அதே போன், அதே குரல். "அண்ணே, ஸ்கர்ட்டிங், கதவுச் சட்டம், சன்னல் எல்லாத்தையும் நானே சாண்டர் போட்டுத் தேச்சு மரத்தைக் கொண்டு வந்துட்டேன். நீங்க வந்து வார்னிஷ் மட்டும் அடிச்சுக் குடுங்க." சாண்டர் என்றால் மரத்தைத் தேய்க்கும் மின்கருவி; ஸ்கர்ட்டிங் என்றால் சுவரின் அடியோரம் ஓடும் பலகை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வரிசை வீடு, விக்டோரியா காலத்தின் கடைசியில் கட்டியது. நம் ஊர்த் தம்பதி. மூத்த குழந்தை தவழ்கிறது, அடுத்தது வயிற்றில்.

போய்ப் பார்த்தேன். முன்னறைச் சன்னல் பலகையில் விரலை வைத்து இழுத்தால் முகப்பவுடர் போல வெளிர்சாம்பல் மாவு வருகிறது. சோபா இடுக்கில் அதே மாவு. விளையாட்டுச் சாமான் கூடையில் அதே மாவு. கம்பளத்தில் குழந்தை தவழ்ந்த தடம் தெரிகிறது.

நான் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவேயில்லை. அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பி, ரத்தத்தில் ஈயம் பார்க்கும்படி ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், கேட்கச் சொன்னேன். பார்த்தார்கள். இருவருக்கும் இருந்தது. மற்றதை நான் எழுதுவது முறையில்லை.

பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு என்பது இந்த நாட்டில் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளை ஈயம்தான் அந்தக் காலப் பெயின்ட்டின் உடம்பு. 1960-கள் வரை வீட்டுப் பெயின்ட்டில் தாராளமாகப் புழங்கியது. அதைப் பொதுமக்களுக்கு விற்பதை முழுவதுமாக நிறுத்தியது 1992-இல்தான். அதிலும் உயர்தரப் பாரம்பரியக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் வீடு 1890-இல் கட்டியது என்றால், ஸ்கர்ட்டிங்கின் மேல் இருப்பது நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பூச்சு. கீழே பாதி ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்தில் ஓர் அளவே கிடையாது. இங்கிலாந்தில் சுகாதாரத் துறை தலையிடும் வரம்பு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 10 மைக்ரோகிராமாக இருந்தது; 2021-இல் அதை 5 ஆக இறக்கிவிட்டார்கள். மூளை வளரும் வயதில் போன ஈயம் என்ன செய்யும் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நான் மரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏனென்றால் இத்தனை கூத்துக்கும் ஆரம்பம் மரத்தைப் பற்றிய ஒரு தப்புக் கணக்கு. "இந்த வீட்டோட அசல் அழகே மரம்தான் அண்ணே, பின்னாடி வந்தவங்க பெயின்ட் அடிச்சுக் கெடுத்துட்டாங்க." எத்தனை பேர் வாயில் கேட்டாயிற்று! இல்லை ஐயா. கட்டினவனே பெயின்ட் அடித்துத்தான் கொடுத்தான்.

நம்மவர்களுக்கு மரம் என்றால் தேக்கு. நிலையும் கதவும் தேக்கில் செய்து, எண்ணெய் பூசி, ரேகை தெரிய வைத்துப் பார்த்து வளர்ந்த கண். அந்தக் கண்ணோடு இங்கே வந்து பார்க்கிறோம். இந்த வரிசை வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்த பைன். கண்ணாடி வரி 1845-இல் போனது, செங்கல் வரி 1850-இல் போனது, மரத்தின் மேலிருந்த இறக்குமதி வரி 1866-இல் போனது. நீராவியில் ஓடும் இயந்திரம் மைல் கணக்கில் பீடிங் எனும் அலங்கார மரச்சட்டத்தை இழைத்துத் தள்ளியது. அதனால்தான் ஒரு சாதாரண குமாஸ்தா வீட்டிலும் முழங்கால் உயர ஸ்கர்ட்டிங், கதவைச் சுற்றிச் சித்திரச் சட்டம், இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டம், படம் மாட்ட மேலே ஒரு மரச்சட்டம் என்று வந்து சேர்ந்தது. ஆடம்பரம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது: சுண்ணாம்புப் பூச்சைத் துடைப்பமும் நாற்காலியும் இடிக்காமல் காப்பது, நிலைக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியை மூடுவது, சுவரில் ஆணி அடிக்காமல் படம் தொங்கவிடுவது.

அந்த பைனை அப்படியே வெறும் மரமாக விடுவது அவர்கள் கண்ணில் பாதியில் விட்ட வேலை. முன்னறையில் பெயின்ட் அடித்தார்கள். காசு கொஞ்சம் கூட இருந்தால், பழுப்புப் பூச்சு கொடுத்து, ஈரம் காயுமுன் சீப்பை இழுத்து ஓக் மர ரேகை வரைந்தார்கள். பெயின்ட்டுக்குள் ஒளியப்போகிற மரம் என்பதால் தச்சனும் அதற்கேற்பத்தான் செய்தான். முடிச்சு உள்ள பலகை, பட்டி வைத்து அடைத்த ஆணித் துளை, இரண்டு துண்டைச் சேர்த்த இடம், எல்லாம் உள்ளே கிடக்கிறது. ஈஸ்ட் ஹாம் வீட்டில் தேய்த்து வெளியே கொண்டுவந்தது அதைத்தான்: கதவுச் சட்டத்தில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு வெள்ளைப் பட்டிப் புள்ளி, முடிச்சுகளிலிருந்து கசியும் பிசின். வெறும் பைனைக் காட்டும் மோகம் 1970-களில் இங்கே பரவியது. விக்டோரியா மகாராணி செத்தது 1901-இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கூரான ஸ்கால்பெல் எடுத்து, கண்ணில் படாத மூலையில் சாய்வாகச் சீவிப் பாருங்கள். அப்படி ஒரு சட்டத்தில் நான் கண்டது: மேலே பளபள வெள்ளை, அதன் கீழ் மஞ்சள் படிந்த கிரீம், சாம்பல் பச்சை, அடர் சாக்லேட் பழுப்பு, வார்னிஷோடு கூடிய ஓக் ரேகை, கடைசியில் மரத்தை ஒட்டி வெளிர் ரோஜா நிறம். அந்த ரோஜா நிறம்தான் பழைய ஈயப் பிரைமர், மரத்தில் முதலில் அடிக்கும் பூச்சு. மேலே எத்தனை கோட் எமல்ஷன் இருந்தாலும் சாண்டர் அதுவரை போகும். "மேல புதுப் பெயின்ட் இருக்கே" என்கிற சமாதானம் சாண்டருக்குத் தெரியாது.

"மாஸ்க் போட்டுக்கிட்டேன்" என்பது அடுத்தது. போட்டது நீங்கள். பிள்ளைக்கு யார் போட்டது? தூசி உங்கள் மூக்கோடு முடிகிற விஷயமா? கம்பளத்தில் இறங்கி, கையில் ஒட்டி, வாய்க்குப் போகிறது. வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுத்தால் நுண்தூசி பின்பக்கம் வெளியே வந்து இன்னொரு முறை பரவும்.

சரி, சூடு காட்டி உரிக்கலாமே என்கிறார்கள். சுடரால் சுடும் புளோலாம்ப் கூடவே கூடாது. ஈயம் புகையாகவே வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையும் உச்சத்தில் வைத்தால் அதே கதை. தீ வேறு. சட்டத்துக்குப் பின்னாலும் சன்னல் பெட்டிக்குள்ளும் நூறு வருஷத் தூசி காய்ந்து கிடக்கிறது. உள்ளே கனன்று, நீங்கள் வீட்டுக்குப் போனபிறகு பிடிக்கும். 1989-இல் வெஸ்ட் சசெக்ஸில் அப்பார்க் மாளிகை எரிந்தது கூரை வேலைக்காரர்களின் தீக்கருவியால். அது ஈயத்தகடு வேலை, பெயின்ட் அல்ல. ஆனால் பழைய வீட்டில் சுடரைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இந்த நாட்டில் வேண்டாம்.

கதவைக் கழற்றி, பெயின்ட் கரைய காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. பழைய கதவின் இணைப்பெல்லாம் வஜ்ஜிரம் என்ற தச்சுப் பசையில் ஒட்டியது. காஸ்டிக்கில் வஜ்ஜிரம் கரையும். ஆறு மாதத்தில் கதவு ஆடும், சட்டத்தில் காரம் பூத்து புதுப் பெயின்ட்டைத் தள்ளும். அப்புறம் என்னிடம்தான் வருகிறது.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடிக்கிறேன் என்பவர்களிடம் ஒன்று மட்டும்: பிடுங்கும்போதும் அந்தப் பெயின்ட் நொறுங்கத்தான் செய்யும், ஸ்கர்ட்டிங்கோடு சுண்ணாம்புப் பூச்சும் பாளமாக வரும். வீடு பாரம்பரியக் கட்டடமாக அரசு பட்டியலில் இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தொடவும் கவுன்சில் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். நூறு வருஷம் நின்ற பைனை எடுத்துவிட்டு, ஒரு குழாய்க் கசிவில் ஊதிப்போகும் பலகையை வைப்பதில் என்ன லாபமோ.

சரி, என்னதான் செய்வது? பெயின்ட் கெட்டியாக, உரியாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கழுவி, நீர் தாங்கும் உப்புத்தாளை ஈரமாக வைத்து மேல்பளபளப்பை மட்டும் லேசாக எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டு, அண்டர்கோட் அடித்து, பெயின்ட் அடியுங்கள். உள்ளே இருக்கும் ஈயம் உள்ளேயே இருக்கும். சங்கடம் உரசும் இடங்களில்தான்: ஏறி இறங்கும் சன்னல், ஒட்டி ஒட்டி அடைக்கும் கதவு ஓரம், பிள்ளை நின்று பல் வைக்கும் சன்னல் பலகை. அவற்றை முதலில் பாருங்கள். கடையில் விற்கும் சோதனைக் குச்சி மேல்பூச்சில் தேய்த்தால் ஒன்றும் காட்டாது, மரம் வரை வெட்டித்தான் பார்க்க வேண்டும். அதையும் முழுதாக நம்பாமல் ஒரு செதிலை லேபுக்கு அனுப்புங்கள். சாண்டர் வாடகையைவிடப் பெரிய செலவு இல்லை.

சித்திர வேலை பெயின்ட்டில் மூழ்கி, குழிவும் வளைவும் தெரியாமல் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. அது நியாயமான ஆசை. அதற்குப் பெயின்ட்டை இளக்கும் மருந்தைப் பசை மாதிரி அப்பி, மேலே தாள் ஒட்டி, ஊறவைத்து ஈரமாகவே எடுக்கும் முறை உண்டு. மெதுவான வேலை, கையுறையும் கண்ணாடியும் வேண்டும். முழு வீட்டையும் இழுத்துப் போடாமல் ஒரு கதவுச் சட்டத்தில் ஆரம்பியுங்கள். ஒரு துண்டு உடைந்திருந்தால் அதே வடிவில் கத்தி தீட்டி பைனில் இழைத்துக் கொடுக்கிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன.

ஆள் வைத்துச் செய்தால், விலை கேட்கும் முன் "ஈயத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். வேலையாட்களை ஈயத்திலிருந்து காக்க 2002-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. நுண்தூசியைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 மாஸ்க், அதை வெளியே விடாத எச் கிளாஸ் வாக்குவம், அறையை மூடும் பாலிதீன் என்று பேசினால் உட்கார வையுங்கள். சிரித்தால் வாசலைக் காட்டுங்கள். அறையின் உட்கூரையில் சுழிசுழியாக ஆர்டெக்ஸ் என்ற அலங்காரப் பூச்சு இருந்தால் அதையும் சுரண்ட விடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது தனிக் கதை.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? பெருக்காதீர்கள். பிள்ளையையும் கர்ப்பிணியையும் வெளியே அனுப்பிவிட்டு, ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள், துணியை மறுபடி முக்காமல் மாற்றுங்கள். கம்பளத்தைத் தட்டாமல் சுருட்டி வெளியேற்றுங்கள். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைத் துணியோடு போடாதீர்கள். திங்கட்கிழமை ஜி.பி.க்கு போன் போட்டு, "வீட்டில் பழைய பெயின்ட் தேய்த்தோம், ஈயம் பார்க்க வேண்டும்" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் "ரத்த டெஸ்ட்" என்றால் இரும்புச்சத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.