‘இ-ஃப்ளோ’வுக்குத் தமிழில் என்ன சொல்?

கங்கையில் கட்டிய மின்திட்டங்கள் பற்றிப் படிக்கும்போது ‘இ-ஃப்ளோ’ என்ற சொல் கண்ணில் படாமல் இருக்காது. என்விரான்மென்டல் ஃப்ளோ என்பதன் சுருக்கம் அது. தமிழில் எழுதும்போது ‘குறைந்தபட்ச நீரோட்டம்’ என்றோ ‘சுற்றுச்சூழல் ஓட்டம்’ என்றோ போட்டுவிடுகிறோம். இரண்டாவது சொல் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நிற்கிறது. முதல் சொல் பொருளையே மாற்றிவிடுகிறது.

கங்கையின் தலையாறுகளில் ஒன்றான பாகீரதியைப் பாருங்கள். உத்தரகாசிக்கு மேலே மனேரியில் ஒரு தடுப்பணை. அங்கே எடுக்கும் நீர் எட்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மலைச் சுரங்கம் வழியாகத் திலோத் மின்நிலையத்துக்குப் போய், டர்பைனைச் சுழற்றிவிட்டு மறுபடி ஆற்றில் விழுகிறது. கொஞ்சம் கீழே ஜோஷியாராவில் இன்னொரு தடுப்பணை. அங்கிருந்து தராசு என்ற ஊரின் மின்நிலையம் வரை 16 கிலோமீட்டர் சுரங்கம். எடுத்த நீரெல்லாம் திரும்பி வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் கிடப்பதும் ஆறுதானே? குளிர்காலத்தில் வரத்து சுருங்கும்போது முழு நீரையும் சுரங்கத்துக்குள் விட்டால், அந்தத் தூரம் முழுக்கக் கூழாங்கல்தான் மிஞ்சும். மீன் ஏற வழியில்லை, கரையில் ஈமக்கடன் செய்ய வருபவர் முழுகவும் தண்ணீர் இல்லை. அந்த நடுத்துண்டும் ஆறாகவே இருக்க, தடுப்பணையிலிருந்து விட்டாக வேண்டிய நீர்தான் இ-ஃப்ளோ.

ஒவ்வொரு நாடும் இதற்கு வைத்த பெயரில் அந்த நாட்டின் மனம் தெரிகிறது. சுவிட்சர்லாந்து சட்டத்தில் இதன் பெயர் ‘ரெஸ்ட்வாசர்’. ஜெர்மன் சொல். நேராகச் சொன்னால் மிச்சத் தண்ணீர். மின்சாரத்துக்கு எடுத்தது போக ஆற்றில் மிஞ்சுவது. பெயர் இப்படி இருந்தாலும், 1992இல் நடைமுறைக்கு வந்த அவர்களது நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் மிச்சத்தை எடுப்பவர் இஷ்டத்துக்கு விடவில்லை. ஆண்டில் சராசரியாக 347 நாளாவது ஓடும் நீரின் அளவை, பத்தாண்டுப் பதிவிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்த அளவு விநாடிக்கு 60 லிட்டராக உள்ள சிற்றோடையில் 50 லிட்டரை விட்டுவைக்க வேண்டும். 2,500 லிட்டர் ஓடும் ஆற்றில் 900. சின்ன ஓடைக்குத்தான் பெரிய பங்கு, ஏனென்றால் அதுதான் முதலில் சாகும்.

ஸ்பானிய மொழியில் ‘கௌதால் எகோலோகிகோ’. கௌதால் என்றால் ஆற்றின் நீரளவு, செல்வம் என்றும் பொருள். லத்தீனில் மூலதனத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

ஆங்கிலப் பெயருக்கு இன்றைய பொருளைத் தெளிவாக வகுத்தது, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கூடிய ஆற்று வல்லுநர்கள் 2007இல் வெளியிட்ட பிரிஸ்பேன் பிரகடனம். எவ்வளவு நீர், எந்தக் காலத்தில், எந்தத் தரத்தில் என்று மூன்றையும் அது சேர்த்துக் கேட்டது. ‘குறைந்தபட்சம்’ தோற்பது இங்கேதான். மஹசீர் மீன் முட்டையிட மேலேறுவது மழைக்கால வெள்ளத்தை நம்பி. ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஒரு கீற்று நீரை விட்டுக்கொண்டிருந்தால், குறைந்தபட்சம் நிறைவேறிவிடும், மீன் மேலேறாது.

இந்தியாவில் கங்கைக்கு இது சட்ட வடிவம் பெற்றது 2018 அக்டோபரில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் வந்த அறிவிக்கையால். பனிமலையிலிருந்து ஹரித்வார் வரை, நவம்பர் முதல் மார்ச் வரை வரத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. முந்தைய பத்து நாள் வரத்தை வைத்துக் கணக்கு. ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணைக்கு நிலையான எண்: மழையில்லாக் காலத்தில் விநாடிக்கு 36 கன மீட்டர், அதாவது சுமார் 1,270 கனஅடி. மழைக்காலத்தில் 57 கன மீட்டர். மேற்பார்வை மத்திய நீர் ஆணையத்துடையது. பருவத்துக்கு ஏற்ப அளவு மாறுவதால் இது வெறும் ‘குறைந்தபட்சம்’ இல்லை என்பது புரியும். இந்த அளவுகள் போதுமா என்றால், போதாது என்பதே என் எண்ணம். கங்கைக்குத் தனிச் சட்டம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த ஜி.டி. அகர்வால், ஒருகாலத்தில் கான்பூர் ஐஐடி பேராசிரியர், அந்த அறிவிக்கை வந்த அதே வாரத்தில், 111ஆம் நாளில் உயிர்விட்டார்.

சரி, தமிழுக்கு வருவோம். அங்கே கங்கைக்காகப் போராடுபவர்கள் கேட்பது ‘அவிரல் தாரா’, இடையறாத ஓட்டம். அதே கருத்துக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: ஆற்றொழுக்கு. நன்னூல் சூத்திரங்களின் போக்கைச் சொல்லும்போது ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கைக் காட்டுகிறது. ஒன்றையடுத்து ஒன்றாக அறுபடாமல் செல்வதற்குப் பெயர் ஆற்றொழுக்கு. ஒருவர் தங்குதடையின்றிப் பேசினால் இன்றும் ஆற்றொழுக்கான பேச்சு என்கிறோம். ஆற்றிலிருந்து உவமைக்குப் போன சொல்லை ஆற்றுக்கே திருப்பித் தரலாம்.

ஒழுக்கு என்றால் கூரை ஒழுகுவதுதானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொல்லலாம். தனியாக எழுதினால் வரும், ‘ஆற்று’ முன்னால் நின்றால் வராது. ஒழுகு என்ற அதே வேரிலிருந்துதான் நடத்தையைக் குறிக்கும் ஒழுக்கமும் வந்தது. எந்தக் காலத்தில் எவ்வளவு என்ற முறையைக் கேட்கும் ஒரு சட்டச் சொல்லுக்கு இந்த வேர் பொருத்தமானது.

ஆக என் பரிந்துரை: இ-ஃப்ளோவுக்கு ‘சூழல் ஆற்றொழுக்கு’, இடம் சுருங்கினால் வெறும் ‘ஆற்றொழுக்கு’. ரெஸ்ட்வாசருக்கு ‘மிச்சநீர்’. மினிமம் ஃப்ளோ என்று ஆவணத்தில் இருந்தால் மட்டும் ‘குறைந்தபட்ச நீரோட்டம்’. வாக்கியத்தில் இப்படி வரும்: “ஜோஷியாரா தடுப்பணைக்குக் கீழே ஜனவரியில் 20 சதவீத ஆற்றொழுக்கு விட வேண்டும்.”