சாலையின் அகலத்தை வைத்துக் காட்டைக் கணக்குப் பார்க்காதீர்கள்

நெடுஞ்சாலைத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் படித்துக் குறை நிறை சொல்வது என் வேலை. அண்மையில் மேசைக்கு வந்தது, மழைக்காட்டைக் கிழித்துக்கொண்டு இரண்டு நாடுகளை இணைக்கப்போகும் ஒரு சாலையின் அறிக்கை. அதிலும் அதே கணக்கு. சாலையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, 'அழியப்போவது மொத்தக் காட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எழுதியவர்கள் கற்றுக்குட்டிகளும் அல்ல. இந்த வரியை இன்னும் எத்தனை அறிக்கைகளில்தான் அடித்துத் திருத்துவது?

சரி, அவர்கள் வழியிலேயே கணக்குப் போடுவோம். 100 கிலோமீட்டர் சாலை, இருபுறமும் வெட்டும் பகுதியைச் சேர்த்து 40 மீட்டர் அகலம். மொத்தம் 400 ஹெக்டேர். கடல்போல் கிடக்கும் அமேசானில் 400 ஹெக்டேர் தூசுதான். இந்த எண்ணைக் காட்டித்தான் அமைச்சர்களையும் வங்கிகளையும் சம்மதிக்க வைக்கிறார்கள்.

ஆனால் 2014இல் வெளியான ஒரு ஆய்வு பிரேசில் அமேசானின் காடழிப்பைச் சாலை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சுமார் 95 சதவீத அழிவு, சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ படகு ஓடும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருந்தது. அப்படியானால் நம் 100 கிலோமீட்டர் சாலைக்கு இருபுறமும் 5.5 கிலோமீட்டரை ஆபத்து வட்டாரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அது 1,10,000 ஹெக்டேர். அறிக்கையில் எழுதியது 400.

இதோடு முடியவில்லை. அரசு போடும் ஒவ்வொரு கிலோமீட்டர் சாலைக்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அனுமதியில்லாத பாதை முளைக்கிறது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். மரம் வெட்டுபவர் ஒரு பாதை போடுவார், மாடு மேய்ப்பவர் அதை நீட்டுவார், நிலம் பிடிப்பவர் அதிலிருந்து இன்னொன்று பிரிப்பார். எந்த வரைபடத்திலும் இருக்காத அந்தப் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் அதே 5.5 கிலோமீட்டர் கணக்கு உண்டு. இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: 'சாலை ஒரு மெல்லிய கோடு' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். கிளைகளை எங்கே கணக்கில் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தின் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பாருங்கள். பி.ஆர்.364 என்ற சாலையின் குயாபா–போர்ட்டோ வெல்யோ பகுதிக்கு உலக வங்கிக் கடனில் 1984இல் தார் போட்டார்கள். குடியேறிகள் வெள்ளமாக வந்தார்கள். பிரதான சாலைக்குக் குறுக்கே சீரான இடைவெளியில் கிளைகள் பிரிந்து, காடு மீன் முள்போலக் கோடு கோடாகக் கரைந்தது. கூடவே மலேரியாவும் பெருகியது. எதிர்ப்பு வலுத்த பிறகு, 1985இல் வங்கி பணம் தருவதை நிறுத்தி வைத்தது. அதற்குள் தார் காய்ந்துவிட்டது.

இப்போது எல்லை தாண்டும் சாலைக்கு வருவோம். பெருவையும் பிரேசிலையும் இணைக்கும் இன்டர்ஓசியானிக்கா நெடுஞ்சாலையின் தென்பகுதியில் 2005 வாக்கில் வேலை தொடங்கியது. புவர்ட்டோ மால்டொனாடோவில் மத்ரே தெ தியோஸ் ஆற்றின் மேல் 722 மீட்டர் பாலம் 2011இல் திறந்ததும் இணைப்பு முழுமையானது. பிரேசிலின் சோயா லாரி லாரியாக ஆண்டீஸ் ஏறி பசிபிக் துறைமுகங்களுக்குப் போகும் என்றார்கள். 4,700 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி சோயாவை ஏற்றிக்கொண்டு யார் போவார்கள்? எதிர்பார்த்த சரக்கு வரவில்லை. செலவு மட்டும் முதல் மதிப்பீட்டைப்போல் இரு மடங்குக்கு மேல் போனது. இந்தச் சாலையின் ஒப்பந்தத்துக்காக பிரேசிலின் ஒடெப்ரெக்ட் கட்டுமான நிறுவனத்திடம் சுமார் 3.5 கோடி டாலர் லஞ்சம் வாங்கிய வழக்கில் முன்னாள் அதிபர் அலெஹாந்த்ரோ தொலேதோவுக்கு 2024 அக்டோபரில் 20 ஆண்டு 6 மாதச் சிறை விதித்தது பெரு நீதிமன்றம்.

சோயா வராவிட்டாலும் தங்கம் தேடுபவர்கள் வந்தார்கள். தம்போபாட்டா தேசியக் காப்பகத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையத்தில், சாலையை ஒட்டியே, லா பம்பா என்ற சட்டவிரோதச் சுரங்க நகரம் எழுந்தது. தங்கத்தின் விலை அந்த ஆண்டுகளில் எகிறியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் டீசலும் பம்பும் பாதரசமும் காட்டின் நடுவுக்கு லாரியில் போய்ச் சேர வழி செய்தது சாலை. பாதரசம் ஆற்றில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்றவர்கள் உடம்பில் சேர்ந்தது. 2016 மே மாதம் மத்ரே தெ தியோஸ் மாநிலத்தில் அரசு அவசர நிலை அறிவிக்க வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் படையும் போலீஸும் இறங்கி லா பம்பாவைக் காலி செய்தன. சுரங்கக்காரர்கள் பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்தார்கள். தார் போட்ட பிறகு காவல் போடுவது எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

"அப்படியானால் அங்கே இருக்கும் மக்களுக்குச் சாலையே வேண்டாமா?" என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சாலை வருவதற்கு முன் மழைக்காலத்தில் குஸ்கோவிலிருந்து புவர்ட்டோ மால்டொனாடோவுக்கு லாரிகள் சேற்றில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்தன. பிரசவ வலி கண்ட பெண்ணை அந்தச் சேற்றில் தூக்கிக்கொண்டு போனவர்களிடம் நின்று காட்டைப் பற்றிப் பாடம் நடத்த என்னால் முடியாது. ஆனால் அந்த மக்களில் ஒரு சாராரே சாலையால் மடிந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரேசிலின் குயாபா–சாந்தாரெம் சாலை பனாரா பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடே போனது. 1973இல் அவர்களுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு ஏற்பட்டது. சில நூறு பேர் இருந்த இனத்தில் 1975இல் மிஞ்சியவர்கள் 79 பேர். பெரும்பாலோரைக் கொன்றது, நாம் சாதாரணமாக நினைக்கும் தொற்றுகள். பெருவில் நஹுவா மக்கள் 1984இல் மரம் வெட்டுபவர்களைச் சந்தித்த பிறகு, சுவாச நோய்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தார்கள்.

பிரேசிலையும் வெனிசுவேலாவையும் இணைக்கும் பி.ஆர்.174 வைமிரி அத்ரோஆரி பழங்குடி மக்களின் நிலத்தைக் கடக்கிறது. 1970களில் ராணுவம் போட்ட சாலை அது. 1980களின் தொடக்கத்தில் அவர்களில் சில நூறு பேர்தான் மிச்சம். பிறகு தங்கள் நிலத்துக்குள் செல்லும் பகுதியை இரவில் சங்கிலி போட்டு மூடும் வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். ஆம்புலன்சுக்கும் பேருந்துக்கும் வழி இருந்தது, மற்றவை காலை வரை காத்திருந்தன. விலங்குகள் அடிபடுவது குறைந்தது, திருட்டு மரம் ஏற்றிப் போவதும் கடினமானது. இன்று அந்த மக்கள் 2,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஒரு சங்கிலி செய்த வேலையை எங்கள் தடித்த அறிக்கைகள் செய்யவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

சாலை போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அலாஸ்காவிலிருந்து கீழே இறங்கும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பனாமாவின் யாவிசாவில் நிற்கிறது. கொலம்பியா வரை 100 கிலோமீட்டர் சொச்சம் இன்றும் காடு, சதுப்பு. அதுதான் தாரியென். 1975இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த வேலைக்கான தங்கள் நாட்டுப் பணத்துக்குத் தடை போட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் மாடு. தென் அமெரிக்காவின் கோமாரி நோய் சாலை வழியாக வடக்கே ஏறிவிடும் என்ற ஆபத்தைச் சரியாக ஆராயவில்லை என்றது நீதிமன்றம். மாட்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை மனிதர்களுக்குக் காட்டினால்கூடப் பல அறிக்கைகள் தேறிவிடும்.

இனி, இந்தத் துறையில் இருக்கும் இளையவர்களுக்கு. சாலை வரைவதற்கு முன் நில உரிமையைத் தீர்த்து வைக்கச் சொல்லுங்கள். பழங்குடிகளின் எல்லை, காப்பகத்தின் எல்லை, குடியேறியவர்களின் பட்டா எல்லாம் காகிதத்தில் முடிந்திருக்க வேண்டும். பாதி முடித்துவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். சோதனைச் சாவடிக்கும் காவலர் சம்பளத்துக்கும் கட்டுமானச் செலவிலேயே பணம் ஒதுக்குங்கள். அடுத்த பட்ஜெட்டில் வரும் என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். பழங்குடிகளின் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169ஆம் உடன்படிக்கையைப் பெரு 1994இலும் பிரேசில் 2002இலும் ஏற்றுவிட்டன. பழங்குடிகளை முன்கூட்டியே கலந்துபேசுவது கட்டாயம். பாதையை முடிவு செய்துவிட்டு ஊர்க்கூட்டம் போட்டுச் சாப்பாடு போடுவதற்குப் பெயர் கலந்தாய்வு அல்ல.

பொறியாளர்களே, தண்ணீரை மறக்காதீர்கள். பிரேசிலின் மனாவுஸ்–போர்ட்டோ வெல்யோ சாலை 1976இல் திறந்தது, 1988க்குள் போக முடியாமல் கைவிடப்பட்டது. சிறுபாலங்களைச் சிக்கனமாக வைத்தால் சாலையே அணையாகி ஒருபக்கக் காட்டை மூழ்கடிக்கும். மண் எடுத்த குழிகளை அப்படியே விட்டால் கொசு வளரும். பெருவின் இக்கிட்டோஸ்–நவுட்டா சாலையோரம் நடந்த ஆய்வில், காடழிந்த இடங்களில் மலேரியா கொசு கடிக்கும் வேகம் காட்டுப் பகுதியைவிட 278 மடங்கு இருந்தது. குழிகளை மூடிய பிறகுதான் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை போடும் முகாமில் வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காட்டு விலங்கின் இறைச்சியை வாங்காதீர்கள், விற்பவனை முகாமுக்குள் விடாதீர்கள். வெளியுலகத் தொடர்பில்லாத மக்கள் வாழும் பகுதியின் பக்கமே போகாதீர்கள், இருமல் இல்லாவிட்டாலும். படம் எடுக்க ஆசைப்பட்டு நெருங்குவதை விளையாட்டாக நினைக்காதீர்கள்.

பெருவின் புகால்பாவிலிருந்து பிரேசிலின் க்ருசெய்ரோ தொ சுல் வரை ஒரு சாலை பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. சியெரா தெல் திவிசோர் மலைத்தொடரின் இருபுறமும் தேசியப் பூங்காக்கள், அந்த வட்டாரத்தில் தனித்து வாழும் மக்கள். அதன் அறிக்கை யார் கைக்கு வந்தாலும், முதல் பக்கத்தில் ஹெக்டேர் கணக்கைத் தேடுங்கள். அகலத்தால் பெருக்கியிருந்தால், மேலே படிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.